பரண் கல்லில் பேன்கேக்: ஒன்பதாவது ஈடு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊற்றிய ஒன்பதாவது ஈடு சரியாக வந்துவிட்டது. பட்டறையில் கனம் அளக்கிற வெர்னியரைக் கழுவித் துடைத்து, அமுக்காமல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் 14 மி.மீ. முதல் ஈட்டில் இதே இடத்தில் 4 மி.மீ.தான் இருந்தது. இடையில் எங்கெங்கே கோட்டை விட்டேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் சமையல்காரன் இல்லை. பாளையங்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் அடுக்களை. ஜூலையில் அக்காவும் அவள் மகனும் டொராண்டோவிலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்கு ஒன்பது வயது. இட்லி, சொதி, கூட்டாஞ்சோறு என்று எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எழுந்து வந்து, "மாமா, இங்க பேன்கேக் கிடையாதா?" என்றான். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னது, பேனா? பேரைக் கேட்டாலே தலை அரிக்கு."

அக்காவிடம் செய்முறை கேட்டேன். அங்கே பெட்டியில் எல்லாம் கலந்த மாவே விற்கிறார்கள், தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் முடிந்தது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்துவிட்டாள். எரிந்துபோன பம்ப் மோட்டாரையே பிரித்துக் கட்டி ஓட விடுகிறோம், ஒரு வட்டப் பலகாரம் என்ன பெரிய காரியம் என்று இறங்கினேன்.

முதல் சிக்கல் மாவில் இல்லை, கல்லில். அம்மா சைவம். அவள் தோசைக்கல்லில் முட்டை பட்டால் அப்புறம் அந்தக் கல்லைத் தொடமாட்டாள். பரணில் ஆச்சி காலத்துக் கல் ஒன்று கிடந்தது. வார்ப்பு இரும்பு, 11 அங்குல வட்டம், ஒரு காது உடைந்தது. பட்டறைத் தராசில் 3 கிலோ 200 கிராம். மேலெல்லாம் துரு, மிளகாய் வற்றல் பொடியைத் தூவி வைத்தது போல.

ட்ரில்லில் கம்பி பிரஷ் மாட்டி (பிரஷ் 120 ரூபாய்) இருபது நிமிடம் ஓட்டினேன். கண்ணாடி போடாமல் இதைச் செய்ய வேண்டாம், பிரஷ் கம்பி பிய்ந்து முகத்துக்கு நேராகப் பறக்கும். மூலையில் மிச்சமிருந்ததைப் புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தேன். அலம்பியதும் உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சிவிட வேண்டும். ஐந்து நிமிடம் அங்கணத்தில் விட்டுவிட்டுப் போன் பேசப் போனேன், திரும்பி வருவதற்குள் மறுபடி லேசாகச் செம்மை ஏறியிருந்தது. அம்மா சொன்னபடி ஒரு ராத்திரி சோறு வடித்த கஞ்சியிலும் ஊறப் போட்டேன். அது உதவியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, அடுத்த நாளே எண்ணெய்ப் பூச்சையும் ஆரம்பித்துவிட்டேன்.

எண்ணெய்ப் பூச்சில்தான் வெட்கப்பட வேண்டிய தப்பு. நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தடவிச் சூடேற்றினேன். ஆறியதும் தொட்டால் ஈ பிடிக்கிற பசை மாதிரி விரல் ஒட்டியது. காயிலுக்கு வார்னிஷ் அடிக்கும்போது தடித்த பூச்சு உள்ளே காயாது என்று வேலைக்கு வருகிற பையன்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அடுக்களைக்குள் கால் வைத்ததும் அது எப்படியோ மறந்துபோகிறது. பிசுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த தடவை எண்ணெய் தடவி, பிறகு காய்ந்த துணியால் "எண்ணெயே தடவவில்லை" என்கிற அளவுக்குத் துடைத்து, புகை அடங்கும்வரை சூடேற்றி, ஆற விட்டேன். இப்படி ஐந்து தடவை. அதற்கு இரண்டு சாயங்காலம் போனது. கல் கறுத்து, வழுவழுப்பாக வந்தது.

இனி மாவு.

அக்கா போனில் காட்டிய குறிப்பில் ஒரு கப் பட்டர்மில்க் என்று இருந்தது. மோர்தானே என்று வீட்டு மோரை ஊற்றினேன். அவர்கள் சொல்வது உறை ஊற்றிக் கெட்டியாக இருக்கிற சமாச்சாரம், நம் கலக்கின தயிருக்குப் பக்கத்தில் வரும். நம் மோர் தாகத்துக்குக் குடிக்கிற மோர். மாவு ரவா தோசை பதத்துக்குப் போய்விட்டது. போதாததற்கு, கல்லில் ஊற்றியதும் என் கை தானாகக் கரண்டியின் அடியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. நாற்பது வருஷமாகத் தோசை பார்த்த கை. பேன்கேக்கை ஊற்றினால் ஊற்றின இடத்தில் விட்டுவிட வேண்டும், அது தானாகப் பரவும். பையன் தட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னான்: "மாமா, இது தோசை."

இரண்டாவது ஈட்டில் தோசைப் புத்தி இன்னும் ஒரு படி மேலே போனது. மாவு பொங்கட்டும் என்று முந்தின ராத்திரியே கரைத்து வைத்தேன். உளுந்தும் அரிசியும் ராத்திரியில் பொங்கும், சரி. இதில் இருப்பது பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும். சோடா புளிப்பைத் தொட்ட அந்த நிமிடமே நுரைக்க ஆரம்பித்துவிடும். காலையில் பார்த்தால் நுரையெல்லாம் அடங்கிப் புளித்த கூழ். 5 மி.மீ.

மூன்றாவதில் ஆத்திரத்தில் ஆப்ப சோடாவை ஒரு தேக்கரண்டி முழுக்கப் போட்டேன். 11 மி.மீ. எழும்பியது, உண்மைதான். ஆனால் சுட்டதும் இருண்ட பழுப்பு நிறம், வாயில் வைத்தால் துணி சோப்பு. பையன் அதையும் தின்றான், கையோடு கொண்டு வந்திருந்த மேப்பிள் பாகில் குளிப்பாட்டித் தின்றான். அத்தோடு அந்த 250 மி.லி. பாட்டில் காலி.

அதற்குப் பிறகுதான் கண்மட்டத்தை விட்டேன். பட்டறைத் தராசு செம்புக் கம்பி நிறுக்கிறது, 10 கிராமுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. 350 ரூபாய்க்கு ஒரு சின்னத் தராசு வாங்கினேன். கல்லின் சூட்டுக்கு, மோட்டார் பேரிங் சூடு பார்க்கிற துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர் ஏற்கெனவே இருந்தது. கறுத்துப் பதமான கல்லில் அது காட்டுவதை நம்பலாம். பளபளக்கிற எவர்சில்வர் தவாவில் நம்பக் கூடாது, ரொம்பக் குறைத்துக் காட்டும். மோட்டார் உடம்பிலும் மினுக்கமான இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டுத்தான் பார்ப்போம்.

தோசைக்குக் காய்ச்சுகிற மாதிரி காய்ச்சிவிட்டு நீட்டினால் 245 டிகிரி. அதில் ஊற்றியது ஒரு நிமிடத்தில் அடி கருகி, உள்ளே பச்சை மாவு. பயந்து 160க்கு இறக்கினேன். வெளுத்துப்போய், தோல் மாதிரி வந்தது. 180க்கும் 190க்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் அந்த எண் கல் முழுக்க ஒரே மாதிரி இல்லை. பெரிய பர்னரில் வைத்தால் தீ வளையத்துக்கு மேலே 215, நட்டநடுவில் 180, விளிம்பில் 150. சின்ன பர்னரில், குறைந்த தீயில், எட்டு நிமிடம் சும்மா காய விட்டால் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு 185, 190 என்று சமமாக நிற்கிறது. இந்த எடையுள்ள கல்லுக்கு அவசரமே ஆகாது. துப்பாக்கி இல்லாதவர்கள் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். என் கல்லில் 230க்கு மேல் சொட்டு முத்து முத்தாக உருண்டு ஓடியது. 185ல் விழுந்த இடத்திலேயே சுர்ரென்று வற்றியது.

சூட்டைப் பிடித்த பிறகும் சில நாள் 6 மி.மீ., சில நாள் 12 என்று ஏறி இறங்கியது. காரணம் தற்செயலாகக் கிடைத்தது. ஐந்தாவது ஈட்டில் மூன்று ஊற்றியிருந்தேன், மூன்றும் நன்றாக எழும்பின. அந்த நேரம் பார்த்து ஒரு பம்ப்செட்காரர் போன். அடுப்பை அணைத்துவிட்டுப் பேசிவிட்டு வந்தேன். திரும்பவும் கல்லை 185க்குக் கொண்டுவந்து ஊற்றினால், மிச்சம் நாலும் சப்பை. அதே மாவு, அதே கல், அதே சூடு. தின்று பார்த்தால் ரப்பர் வாஷர். அம்மாவைப் பார்த்தேன்.

"என்னலே பாக்க? மாவு கட்டி கட்டியாக் கெடந்துது. கரைக்கத் தெரியலைன்னா எங்கிட்டச் சொல்லப்படாதா? நல்லா அடிச்சுக் கரைச்சு வச்சிருக்கேன்."

அதுதான். மைதாவை அடிக்க அடிக்க இழுவை வரும். பரோட்டாவுக்கு அந்த இழுவைதான் உயிர், இதற்கு அது சத்துரு. நான் அதுவரைக்கும் மனம் போன போக்கில் கலக்கிக்கொண்டிருந்தேன். சில நாள் பதினைந்து சுற்று, சில நாள் ஐம்பது. உலர்ந்த சாமான் ஒரு ஏனத்தில், ஈரச் சாமான் இன்னொரு ஏனத்தில், இரண்டையும் சேர்த்து மரக்கரண்டியால் பன்னிரண்டு பதினைந்து சுற்று. காய்ந்த மாவு கண்ணில் படாமல் போனால் நிறுத்திவிட வேண்டும். சுண்டைக்காய் அளவுக் கட்டிகள் கிடக்கும், கிடக்கட்டும். பத்து நிமிடம் மூடி வைத்தால் பாதிக் கட்டி ஊறிக் கரைந்துவிடும், மீதி கல்லில் கரையும். அந்தப் பத்து நிமிடமும் ஏனத்தை அம்மா கண்ணில் படாமல் பட்டறை பெஞ்சில் வைத்திருந்தேன்.

ஆறாவதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். ஓரிடத்தில் ஒட்டுகிறதே என்று பழக்கதோஷத்தில் பாதி பல்லாரி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்துவிட்டேன். பேன்கேக்கில் ஊத்தப்ப வாசம்.

ஏழும் எட்டும் எண்ணெய்க்கும் திருப்புவதற்கும் போயின. தோசைக்கு விடுகிற மாதிரி சுற்றிலும் எண்ணெய் விட்டால் ஓரம் பொரிந்து முறுகும், முகம் புள்ளி புள்ளியாகச் சிவக்கும். வெண்ணெய் ஒரு பொட்டுப் போட்டு, துணியால் ஒற்றித் துடைத்த கல்லில் ஊற்றினால்தான் முகம் முழுக்க ஒரே பொன்னிறம். முதலாவது எப்போதும் வரிவரியாக வருவதற்கும் இதுதான் காரணம்: அப்போதுதான் கல்லில் எண்ணெய் அதிகம். திருப்பிய பிறகு தோசைத் திருப்பியால் ஒரு அமுக்கு அமுக்குகிறோமே, அதையும் விட வேண்டியிருந்தது. ஒரே கரண்டி மாவில் ஊற்றியதில் அமுக்கியது 8, அமுக்காதது 13.

எப்போது திருப்புவது என்பதை மட்டும் ஆப்பம் பார்த்த கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஊற்றி ஒரு நிமிடத்தில் குமிழ் கிளம்பும், அதைப் பார்த்து அவசரப்படக் கூடாது. குமிழ் உடைந்து, உடைந்த கண் மூடாமல் திறந்தே நிற்கிறதா, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஈர மினுக்கம் போய் மங்கலாகிவிட்டதா, அப்போது திருப்ப வேண்டும். என் கல்லில் அது இரண்டே கால், இரண்டரை நிமிடம். மறுபக்கம் ஒன்றே கால் நிமிடம். மறுபக்கம் விழுந்ததும் ஒரு மூச்சு விட்ட மாதிரி மேலே எழும்பும் பாருங்கள், அதைப் பார்க்கிற இடத்தில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கல் மறுபடி சூடேற முக்கால் நிமிடம் கொடுத்தேன்.

ஒன்பதாவது ஈட்டின் அளவு இதுதான். மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் 6 கிராம், ஆப்ப சோடா 1 கிராம், சீனி 15 கிராம், உப்பு 2 கிராம். கலக்கின கெட்டித் தயிர் 120 மி.லி., பால் 100 மி.லி., முட்டை ஒன்று, உருக்கி ஆற வைத்த வெண்ணெய் 25 கிராம். பாலும் முட்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு இருந்தால் வெண்ணெய் உறைந்து மணி மணியாகத் திரளும், அரைமணி முன்னமே வெளியே எடுத்து வைக்க வேண்டும். இருமல் மருந்துப் பாட்டில் மூடி 15 மி.லி., அதில் நாலு மூடி கொள்கிற குழிக்கரண்டி ஒன்று வீட்டில் இருந்தது. அந்தக் கரண்டிக்கு 11 செ.மீ. அகலத்தில் எட்டு வந்தது.

மேப்பிள் தீர்ந்த பிறகு என்ன செய்தோம் என்பதைச் சொல்லவில்லையே. பையன் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தபோது, இது எதில் வருகிறது என்று அம்மா கேட்டாள். மரத்தில் துளை போட்டு வடிகிற நீரை 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு என்று அக்கா சொன்னாள். ராத்திரி உறைபனியும் பகலில் வெயிலுமாக இருக்கிற காலத்தில்தான் வடியுமாம். "அப்ப அவுக ஊருப் பதநி" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பார்க்கப்போனால் நம் பனை தாராளம். மேப்பிள் நீரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் இனிப்பு, பதநீரில் பத்துக்கு மேல்.

உடன்குடிக் கருப்பட்டி கிலோ 360 ரூபாய்க்கு வாங்கினேன். உடைத்த இடம் சீனி மாதிரி மின்னினால் கலப்படம் என்பார்கள், இது மங்கலாக, கறுப்பும் செம்மையுமாக இருந்தது. முதல் பாகில் அதிரசத்துக்குக் காய்ச்சுகிற நினைப்பில் உருட்டுப் பதம்வரை விட்டுவிட்டேன். சூட்டில் அருமையாக ஓடியது. மறுநாள் காலையில் செம்பைக் கவிழ்த்தாலும் விழவில்லை, கரண்டிதான் வளைந்தது. அடுத்த தடவை 200 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 120 மி.லி. தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டினேன். வடிகட்டாமல் விட்டால் மண் பல்லில் கடிபடும். பிறகு மூன்று நிமிடம் மட்டும் கொதி. ஒரு சிட்டிகை உப்பு, சுக்குத் தூள் கொஞ்சம், இறக்கி வைத்து ஒரு சுண்டு விரல் நகம் அளவு வெண்ணெய். சுக்கை நான் போட்டேன், அடுத்த தடவை பாதிதான் போடுவேன், பனை வாசத்தை அது மறைக்கிறது.

ஒன்பதாவது ஈட்டன்று வெளியே காற்றும் குற்றாலத்துச் சாரலின் சிதறலும். பையன் பட்டறைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து நாலு தின்றான். மேலே ஒரு துண்டு வெண்ணெய், அதன் மேல் பாகு. வெட்டினால் உள்ளே ஆப்பத்தின் நடு மாதிரி கண் கண்ணாக இருந்தது, பாகு அந்தக் கண்களில் இறங்கி நின்றது. நான் மேப்பிளையும் ருசித்திருக்கிறேன். அது மெல்லிசு. கருப்பட்டிக்குப் புகை வாசமும் கொஞ்சம் உப்புக் கரிப்பும் உண்டு, மைதா மாதிரி தனக்கென்று குணமில்லாத சாமானுக்கு அதுதான் பொருந்துகிறது. அக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை.

செலவு: மைதா எட்டரை ரூபாய், முட்டை ஆறரை, தயிர் 10, பால் ஐந்தரை, வெண்ணெய் 15, பேக்கிங் பவுடரும் சீனியும் உப்பும் மூன்றரை. எட்டுக்கு 49 ரூபாய், காஸ் சேர்க்காமல். பாகு ஒரு காய்ச்சலுக்கு 72 ரூபாய், அது இரண்டு ஈட்டுக்கு வரும். வீணான எட்டு ஈட்டை நான் கணக்கில் எழுதவில்லை. அவற்றில் பாதியைப் பட்டறைப் பையன்கள் சாயங்கால டீயோடு தின்றுவிட்டார்கள், அவர்களுக்குச் சப்பையும் உப்பலும் ஒன்றுதான்.

திரும்பச் செய்தால் தராசை முதல் நாளே வாங்குவேன். மைதாவில் பாதியைச் சம்பா கோதுமை மாவாக மாற்றிப் பார்க்க வேண்டும், பால் 20 மி.லி. கூட இழுக்கும் என்று நினைக்கிறேன். கல்லின் உடைந்த காதுப் பக்கம் கொஞ்சம் கனம் குறைவு, அங்கே எப்போதும் ஐந்து டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. அதை ஒன்றும் செய்வதற்கில்லை, கல்லைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியதுதான்.

அக்காவும் பையனும் புதன்கிழமை கிளம்பிப் போனார்கள். நேற்று அம்மா தன் கல்லையே எடுத்து அடுப்பில் வைத்து, முட்டையில்லாமல் ஊற்றச் சொன்னாள். முட்டைக்குப் பதில் 40 மி.லி. தயிர் கூடச் சேர்த்தேன். வெர்னியர் 9 காட்டியது, நடுவில் கொஞ்சம் பிசுபிசுப்பு. அம்மா ஒரு வாய் பிய்த்துப் போட்டுக்கொண்டு, "இதுக்கா இத்தனை நாளு அளந்த? ஆப்பச்சட்டியில ஊத்தி மூடிப் போட்டிருந்தா ஒழுங்கா வெந்திருக்கும்லே" என்றாள். சொல்வதில் நியாயம் இருக்கிறது. சட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன், அதன் மூடியைத்தான் காணவில்லை.